மலைப்பகுதி வீடுகளின் வெப்பக்காப்பு

மலைப்பகுதி வீடுகளின் வெப்பக்காப்பு என்பது, குளிர் மிகுந்த மலைப்பகுதிகளில் வீட்டினுள் உண்டாக்கப்படும் வெப்பம் கூரை, சுவர், தரை, சாளரம் ஆகியவற்றின் வழியே வெளியேறும் வேகத்தைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் பணிகளைக் குறிக்கும். காப்புப் பொருள் எதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழப்பைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. வட அமெரிக்காவில் இது தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர்ப் பகுதியை, குறிப்பாகக் கொலராடோ மாநிலத்தை, அடிப்படையாகக் கொண்டது.

கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள லெட்வில் போன்ற நகரங்களில் சனவரி இரவுகளில் வெப்பநிலை −15 பாகை செல்சியசுக்கும் கீழே செல்வது வழமை. ஆண்டின் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்க வேண்டியுள்ளது. இத்தகைய இடங்களில் காப்புப் பணி தவறாகச் செய்யப்பட்டால் எரிபொருட் செலவு கூடுவதோடு நின்றுவிடாது. கூரை மரம் உளுத்துப் போகவும், சில வேளைகளில் வீட்டிலுள்ளோர் நச்சு வளிமத்தால் இறக்கவும் நேரிடலாம். எனவே எப்பொருளை இடுவது என்பதைக் காட்டிலும் எந்த வரிசையில் பணிகளைச் செய்வது என்பதே முதன்மையான கேள்வி ஆகும்.

வெப்பம் வெளியேறும் வழிகள்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளில் இடம்பெயர்கின்றது. காப்புப் பொருட்கள் பெரும்பாலும் முதலாவதையே தடுக்கின்றன. கண்ணாடி இழை, செல்லுலோசு, பாறைக் கம்பளி ஆகிய எதுவாயினும், உண்மையில் காப்பு அளிப்பது அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டுள்ள காற்றே. அக்காற்று அசையத் தொடங்கினால் காப்பும் குறைந்துவிடும். கம்பளிச் சட்டை அணிந்து பலத்த காற்றில் நிற்பவருக்கு இது எளிதில் விளங்கும்.

ஒரு பொருள் வெப்பத்தைத் தடுக்கும் திறனை ஆர்-மதிப்பு குறிக்கின்றது. அமெரிக்க அலகில் தரப்படும் ஆர்-மதிப்பை 5.678 ஆல் வகுத்தால் மெட்ரிக் அலகில் கிடைக்கும். கணக்கு எளிமையானது: பரப்பளவை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கி, மெட்ரிக் ஆர்-மதிப்பால் வகுத்தால் இழப்பு வாட்டில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 சதுர மீட்டர் சுவர் உள்ள வீடொன்றின் உள்ளே 20 பாகை, வெளியே −20 பாகை எனக் கொள்வோம். காப்பு இல்லாத மரச்சட்டகச் சுவரின் மதிப்பு ஏறத்தாழ 0.7. இழப்பு 5,700 வாட்டு. சுவரின் உட்குழியை நிரப்பி மதிப்பை 3.5 ஆக உயர்த்தினால் இழப்பு 1,140 வாட்டாகக் குறையும். மேலும் செலவு செய்து 7 ஆக்கினால் 570 வாட்டு. அதாவது முதல் படியில் 4,500 வாட்டுக்கும் மேல் மிச்சம், இரண்டாம் படியில் 570 வாட்டு மட்டுமே. ஏற்கெனவே ஓரளவு காப்பிடப்பட்ட சுவரை மேலும் தடிப்பாக்கப் பெருந்தொகை கேட்கும் ஒப்பந்தக்காரரிடம் இக்கணக்கைக் காட்டலாம்.

சிறு குறைகளின் விளைவும் இதே கணக்கில் வெளிப்படும். உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடைப்பட்ட வெளி அங்கு அட்டிக் எனப்படும். அதன் 100 சதுர மீட்டர் தளத்தில் ஆர்-60, அதாவது மெட்ரிக் அலகில் 10.6 அளவு காப்பு இடப்பட்டு, ஏறிச்செல்லும் 1 சதுர மீட்டர் மூடி மட்டும் வெறும் பலகையாக விடப்பட்டால், அந்த மூடி ஏறத்தாழ 114 வாட்டும் மீதமுள்ள 99 சதுர மீட்டரும் சேர்ந்து 374 வாட்டும் இழக்கும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கான மூடி, இழப்பில் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது.

காற்றுக் கசிவும் ஈரமும்

சூடான காற்று மேலெழும். குளிர்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கியைப் போல் இயங்கி, மேற்பகுதி விரிசல்கள் வழியே சூடான காற்றை வெளியேற்றி, கீழ்ப்பகுதி விரிசல்கள் வழியே குளிர்காற்றை உள்ளிழுக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட இவ்விழுவை வலுக்கும். ஆதலால் மலை வீடுகளில் இதன் தாக்கம் அதிகம்.

வெளியேறும் காற்று வெப்பத்தை மட்டுமன்றி நீராவியையும் சுமந்து செல்கின்றது. 20 பாகை வெப்பமும் 40% சார்பு ஈரப்பதமும் கொண்ட அறைக்காற்று 6 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். கூரைப் பலகையோ உறைநிலைக்கும் கீழே இருக்கும். எனவே நீராவி அங்கு உறைபனியாகப் படிந்து, வெயில் அடிக்கும்போது உருகிச் சொட்டும். மழையே இல்லாத நாளில் கூரை ஒழுகுவதாக வீட்டுக்காரர்கள் முறையிடுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். சுவர்ப் பலகையினூடே ஊடுருவும் நீராவியை விடக் காற்றோடு விரிசல் வழியே செல்லும் நீராவி பன்மடங்கு அதிகமாகும்.

மற்றொரு விளைவு, கூரை விளிம்பில் உருவாகும் பனிக்கட்டி அணை. கசியும் வெப்பம் கூரை மேலுள்ள பனியின் அடிப்பகுதியை உருக்குகின்றது. அந்நீர் வழிந்து, வெப்பம் எட்டாத கூரை விளிம்பை அடைந்ததும் மீண்டும் உறைகின்றது. இவ்வாறு வளரும் கட்டிக்குப் பின்னால் தேங்கும் நீர், கூரை ஓடுகளின் அடியில் புகுந்து வீட்டினுள் இறங்குகின்றது. விளிம்பில் மின்சூட்டுக் கம்பி பதிப்பது அங்கு பரவலான வழக்கம். ஆனால் அது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திடுவது போன்றதே.

கசிவை அடைக்காமல் அட்டிக்கில் காப்பை மட்டும் கூட்டுவது நிலைமையை மோசமாக்கலாம். கூடுதல் காப்பினால் கூரைப் பலகை முன்னிலும் குளிர்ந்திருக்கும். ஈரக்காற்றோ தொடர்ந்து அங்கு வந்துகொண்டிருக்கும். ஆகவே முதலில் கசிவை அடைத்தல், அடுத்துக் காப்பிடுதல், பின்னர் தேவையான காற்றோட்டத்தை விசிறி மூலம் அளவோடு வழங்குதல் என்பதே சரியான வரிசை.

சோதனைகள்

நல்ல நிறுவனங்கள் விலை கூறுமுன் வீட்டைச் சோதிக்கின்றன. இதில் முதன்மையானது புளோவர் டோர் சோதனை. வாயிற்கதவில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்திக் காற்றை வெளியேற்றி, உள்ளழுத்தம் வெளியை விட 50 பாசுக்கல் குறைவாக இருக்கும்படி செய்வர். அவ்வழுத்தத்தைத் தக்கவைக்க எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டியுள்ளது என்பதே கசிவின் அளவு ஆகும். இம்முறை 1977 அளவில் சுவீடனில் சாளரத்தில் பொருத்திய விசிறியாகத் தொடங்கி, 1979 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை எட்டியது. விசிறி ஓடும்போது அகச்சிவப்புப் படக்கருவியால் பார்த்தால், குளிர்காற்று புகும் இடங்கள் கருநிறக் கோடுகளாகத் தெரியும்.

கசிவு பெரும்பாலும் சாளரங்களில் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். பெரிய துளைகள் கண்ணுக்குப் படாத இடங்களிலேயே உள்ளன: குழாய்களும் மின்கம்பிகளும் அட்டிக்கினுள் நுழையும் துளைகள், உட்கூரையில் பதித்த விளக்குகள், புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, அடித்தளச் சுவரின் மேல் மரச்சட்டகம் அமரும் விளிம்பு. 19ஆம் நூற்றாண்டுச் சுரங்க நகர வீடுகள் பலவற்றில் சுவரின் உட்குழி அடித்தளம் முதல் கூரை வரை தடையின்றிச் செல்வதால், சுவர் முழுவதுமே காற்றுக்குழாயாகின்றது. மரத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில் தண்டுகள் காய்ந்து சுருங்குவதால் ஏற்படும் இடைவெளிகளே முதற்குறை.

பொருட்கள்

கண்ணாடி இழை மெத்தைகள் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3 முதல் 3.8 வரை தருகின்றன. விலை குறைவு, ஆனால் மின்பெட்டி, குழாய் ஆகியவற்றைச் சுற்றிச் சரியாக வெட்டிப் பொருத்தாவிடில் மதிப்பு வெகுவாகக் குறையும். பழைய செய்தித்தாளிலிருந்து செய்யப்படும் செல்லுலோசு, போரேட்டு உப்புச் சேர்த்துத் தீத்தடுப்பு ஊட்டப்படுகின்றது. பழைய வீட்டுச் சுவரில் துளையிட்டு, குழாய் வழியே இதனை நெருக்கமாகத் திணிக்கும் முறை பெரிதும் பயன்படுகின்றது. கன மீட்டருக்கு 56 கிலோகிராம் அளவு திணித்தால் அது பின்னர் கீழிறங்குவதில்லை, காற்றோட்டத்தையும் பெரிதும் தடுக்கும்.

மூடிய நுண்ணறைப் பாலியூரித்தேன் நுரை அங்குலத்துக்கு ஆர்-6 முதல் 7 வரை தருவதோடு கசிவையும் ஈரத்தையும் ஒருசேரத் தடுக்கின்றது. அடித்தள விளிம்பு போன்ற இடங்களில் இதற்கு நிகர் இல்லை எனலாம். ஆயினும் விலை அதிகம். கலவை விகிதம் பிழைத்தால் நீங்காத நாற்றம் எஞ்சும். பின்னாளில் அகற்றுவது கடினம்.

குளிர்ப்பகுதியில் ஈரத்தடுப்புத் தாள் சுவரின் சூடான பக்கத்தில், அதாவது அறையை நோக்கி, அமைய வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு இது பொருந்தாது. அங்கு ஈரம் எதிர்த்திசையில் பயணிக்கின்றது.

உயரத்துக்கே உரிய ஒரு சிக்கல் சாளரங்களில் உண்டு. சமவெளித் தொழிற்சாலையில் இரு கண்ணாடிகளுக்கிடையே அடைக்கப்பட்ட வளிமம், காற்றழுத்தம் குறைந்த மலையில் விரிந்து கண்ணாடியைப் புடைக்கச் செய்யும். இதைத் தவிர்க்க நுண்குழாய் பொருத்தி அழுத்தத்தைச் சமன்செய்கின்றனர். ஆனால் அதே குழாய் வழியே காப்புக்காக நிரப்பிய ஆர்கன் வளிமமும் வெளியேறிவிடும். எனவே ஆர்கன் சாளரத்துக்குப் பணம் செலுத்துவோர், அது எந்த உயரத்தில் அடைக்கப்பட்டது எனக் கேட்டறிவது நன்று.

பாதுகாப்பு

வீட்டை இறுக்கமாக அடைத்தபின், சமையலறை விசிறியும் குளியலறை விசிறியும் ஓடும்போது உள்ளழுத்தம் குறைந்து, நீர்சூடாக்கியின் புகை வெளியேறாமல் திரும்பி வரலாம். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, கொல்லக்கூடியது. மலை உயரத்தில் காற்று அடர்த்தி குறைவாதலால், சரிசெய்யப்படாத எரிகருவிகளில் எரிதல் முழுமையடையாது இவ்வளிமம் உண்டாகும் வாய்ப்பும் கூடுகின்றது. ஆகவே பணிக்கு முன்னும் பின்னும் எரிகருவிச் சோதனை செய்யாத நிறுவனத்தை அமர்த்தக் கூடாது. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்னும் கதிரியக்க வளிமமும் கொலராடோவில் பரவலாக உள்ளது. கன மீட்டருக்கு 148 பெக்கரல் அளவை எட்டினால் அதைக் குறைக்க நடவடிக்கை தேவை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை.

பழைய அட்டிக்குகளில் சாம்பல் அல்லது பொன்னிறத்தில் கூழாங்கல் போன்ற துகள்கள் காணப்பட்டால் அவற்றைத் தொடலாகாது. அவை வெர்மிகுலைட்டாக இருக்கலாம். 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 விழுக்காட்டுக்கும் மேல் மொன்டானா மாநில மலைநகரான லிபியின் சுரங்கத்திலிருந்து வந்தது; அச்சுரங்கத்தில் கல்நார் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் அது விற்கப்பட்டது. கல்நார் தூசியால் லிபியின் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் நுரையீரல் நோயுற்றனர், பலர் இறந்தனர். 2009 சூனில் அந்நகரில் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. வீடுகளைக் கதகதப்பாக்க விற்கப்பட்ட பொருளால் ஒரு மலைநகரமே அழிவைக் கண்டது இத்தொழிலின் வரலாற்றில் மறக்கக்கூடாத பகுதியாகும்.

பழைய பீங்கான் குமிழ் மின்கம்பிகள் உயிருடன் உள்ள சுவர்களில் காப்பைத் திணிப்பதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

வரலாறும் அரசு உதவியும்

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே இத்தொழிலுக்கு உந்துதல் அளித்தது. 1976 இல் தொடங்கப்பட்ட கூட்டரசுத் திட்டம் ஒன்று, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இப்பணிகளைக் கட்டணமின்றிச் செய்து தருகின்றது. காப்புப் பணிகளுக்கான 30% வருமானவரிச் சலுகை 2025 டிசம்பர் 31 உடன் முடிவுற்றது.

கொலராடோவின் ஓல்டு சுனோமாசில் ஏறத்தாழ 2,160 மீட்டர் உயரத்தில் ஏமரி லோவின்சு 1980களின் முற்பகுதியில் கட்டிய வீடு பலரது கவனத்தை ஈர்த்தது. தடித்த காப்பு, சிறந்த சாளரங்கள், சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டு, வழக்கமான வெப்பமூட்டும் உலை இல்லாமலேயே அவ்வீட்டினுள் வாழை வளர்த்துக் குலை ஈன வைத்தனர்.

ஒப்பந்தம்

அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதிப்படி, காப்பிடுபவர் பரப்பளவு, தடிப்பு, ஆர்-மதிப்பு ஆகியவற்றைக் குறித்த சீட்டை வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும். ஊதி நிரப்பும் பொருளாயின் பயன்படுத்திய பைகளின் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். பைகளின் எண்ணிக்கை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மிகையான காற்றைக் கலந்து ஊதினால் குறைந்த பொருளைக் கொண்டே உரிய தடிப்பைக் காட்டிவிடலாம். சில மாதங்களில் அது அமுங்கிவிடும். ஒவ்வொரு பையின் மேலும் எத்தனை சதுர அடிக்கு எத்தனை பை என்ற அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். பணி முடிந்த அன்றே வெற்றுப் பைகளை எண்ணி, அட்டவணையோடு ஒப்பிட்டபின் பணம் செலுத்துவது நல்லது. அட்டிக்கில் 28 சதுர மீட்டருக்கு ஒன்றாக நடப்பட வேண்டிய அளவுகோல்களையும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.