பரோலோ ஊரில் தினசரி ஒயின் எது?

இத்தாலியின் பியட்மாண்ட் என்றதும் ஒயின் பிரியர்களுக்கு ஞாபகம் வருவது பரோலோ. குறைந்தது 38 மாதம் முதிரவைத்த பிறகே விற்பனைக்கு வரும், விலையும் எகிறும். ஆனா, அந்த ஊர் வீடுகளில் சாதாரண நாள் சாப்பாட்டுக்குத் திறப்பது பார்பெரா அல்லது டொல்செட்டோ.

விலை மட்டும் காரணமில்லை. பார்பெராவில் புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. தக்காளி சாஸ் பாஸ்தாவோடு புளிப்பு குறைந்த ஒயினைக் குடித்தால் சப்புன்னு இருக்கும். செர்ரி வாசனையுள்ள பார்பெரா ஈடுகொடுக்கும். நெத்திலி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் செய்யும் 'பான்யா காவுடா'வுக்கும் இதுதான் ஜோடி. எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து கழுவிவிடும்.

டொல்செட்டோ என்றால் 'குட்டி இனிப்பு'. பேரை நம்பிடாதீங்க, இனிப்பே இருக்காது! கடைசியில் லேசான பாதாம் கசப்புதான்.

இதே தக்காளி பாஸ்தாவுக்கு பரோலோவைத் திறந்தால்? துவர்ப்பு வாயை இறுக்கும், காசும் வீண். மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி சமைக்கும் நாளுக்கு அது காத்திருக்கட்டும்.