உங்களுக்குத் தெரியுமா? லீசுக்கு ஒரு பழைய வண்டி

◆ ‘லீஸ்’ என்ற ஒரு சொல்லைத் தமிழர்கள் ஆளுக்கொரு பொருளில் பேசுகிறோம். சென்னையில் ‘வீட்டை லீசுக்கு விட்டிருக்கேன்’ என்றால், மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பத்திரத்தில் அதற்குப் பெயர் போக்கியம். யாழ்ப்பாணத்தில் ‘வாகனம் லீசிங்கில எடுத்தது’ என்றால் மாதத் தவணை. சட்டத்தில் லீஸ் என்பது வேறு: வண்டி ஒருவருடையது, ஓட்டுகிறவர் இன்னொருவர், மாதாமாதம் வாடகை. சிறுதொழிலுக்குப் பழைய வண்டி தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதிரே இருப்பவர் எந்த ‘லீஸ்’ பற்றிப் பேசுகிறார் என்பதைத்தான்.

◆ ‘மூணு லட்சம் குடுங்க, ரெண்டு வருஷம் வண்டியை வெச்சு ஓட்டுங்க, அப்புறம் உங்க பணத்தை வாங்கிட்டு வண்டியைக் குடுத்துடுங்க’ என்று காருக்கும் போக்கியம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிக்கும். ஆனால் அந்தக் காருக்கு ஏற்கெனவே பைனான்ஸ் இருந்து, டியூ நின்றுபோனால், கம்பெனி வந்து சீஸ் செய்வது உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைத்தான். வாடகைக்கு எடுத்த காரையே இப்படி அடகு வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களின் கதைகள் போலீஸ் ஸ்டேஷன்களில் நிறைய. ஆர்.சி.யில் பெயர் இல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

◆ இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனி 1973-ல் தொடங்கியது மெட்ராஸில்தான். அதற்கும் முன்பே, 1954-ல், சுந்தரம் பைனான்ஸ் இங்கே பிறந்தது. பழைய லாரிக்கு யாரும் கடன் தரத் தயங்கிய காலத்தில் அதையே தொழிலாக எடுத்து வளர்ந்தது 1979-ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ். ஓட்டுநராக இருந்தவர் பழைய லாரி வாங்கி முதலாளி ஆகலாம் என்ற எண்ணத்துக்குப் பணம் போட்டது சென்னை.

◆ லீசில் எடுத்த வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் ‘உரிமையாளர்’ யார் தெரியுமா? ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர். 1988-ம் வருடச் சட்டத்தில் உரிமையாளர் என்ற சொல்லுக்கே அப்படித்தான் விளக்கம். ‘வண்டி கம்பெனியோடது சார்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

◆ லீஸ் எடுத்தால் வரி மிச்சம் என்று விற்பனைப் பையன் சொல்வான். பெரிய கம்பெனிக்கு அது சரி. நம் ஊர் மாவுக்கடைக்கும் மெஸ்ஸுக்கும்?

விற்றுமுதலில் 8 சதவீதம் (பணம் வங்கி வழியாக வந்தால் 6 சதவீதம்) லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வருமான வரி கட்டும் திட்டத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் லீஸ் வாடகை, தேய்மானம், டீசல் எல்லாமே அந்தக் கணக்குக்குள் கழிந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தனியாகக் கழிக்க எதுவும் இல்லை. ஜி.எஸ்.டி.யிலும் அதே கதை. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்குக் கட்டிய வரியை, விலைக்கு வாங்கினாலும் லீசுக்கு எடுத்தாலும், திரும்ப எடுக்க முடியாது. டாக்சி ஓட்டுகிறவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், வண்டி வியாபாரி போன்ற சிலருக்குத்தான் விலக்கு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு எந்த வண்டியானாலும் கிடையாது. ஆக, ‘வரி மிச்சம்’ என்பதை அழித்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் லீசைவிடப் பழைய வண்டிக் கடனே மலிவாக இருக்கும்.

◆ ஆனால் சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. காம்போசிஷனில் இல்லாத கடைக்காரர் பில்லோடு சரக்கு வண்டி எடுத்தால் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் எடுக்கலாம். பழைய வண்டியைக் கைமாற்றி விற்கும் டீலர் தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்றால் இது பொருந்தாது. அந்த முறையில் 2025 ஜனவரி முதல் வரி 18 சதவீதம். 3 லட்சத்துக்கு வாங்கி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால், 40 ஆயிரத்துக்கு மட்டும்தான் வரி, 7,200 ரூபாய். முழு விலைக்கும் 18 சதவீதம் போட்டு நீட்டினால் ‘எப்படிங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

◆ போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு செகண்ட் ஹேண்ட் கார் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு இட்லி மாவு வியாபாரம். விடிவதற்குள் நாற்பது கடைக்கு மாவு போய்ச் சேர வேண்டும். வெள்ளை போர்டு ஈக்கோ ஒன்றைப் புரோக்கர் காட்டினார். ‘பின் சீட்டைக் கழட்டிட்டா முப்பது கேன் ஏத்தலாம் சார். ஓன் போர்டு, எஃப்.சி. தொல்லையே கிடையாது.’ கிலோமீட்டர் 38,000 என்று மீட்டர் சொன்னது.

குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று சொல்லும். 3122 என்றால் 2022-ம் வருடத்தின் 31-வது வாரத்தில் செய்தது. வண்டியோ 2017 மாடல். நான்கு டயரும் 2022. வெறும் 38,000 ஓடிய வண்டிக்கு நடுவில் எதற்கு நான்கு டயரும் மாற்றினார்கள்? கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. புரோக்கரைப் பார்த்தேன். அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

◆ சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக்கோடு தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே மண் இருந்தாலும் அதே சந்தேகம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் குடித்த வண்டிகள் எல்லாம் உடைப்புக் கடைக்குப் போய்விடவில்லை.

◆ மச்சானை அந்த ஈக்கோவிலிருந்து உண்மையில் விலக்கியது மீட்டர் அல்ல, இன்சூரன்ஸ். தனியார் கார் பாலிசியில் ‘எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்தே இருப்பது பலருக்குத் தெரியாது: சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது. துணி ஏஜென்ட் சாம்பிள் பெட்டியோடு போகலாம். முப்பது கேன் மாவு சாம்பிள் ஆகாது. விபத்து நடந்தால், வண்டிக்கான கிளெய்மைத் தட்டிக்கழிக்கக் கம்பெனிக்கு அந்த ஒரு வரி போதும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும்.

◆ டி போர்டு (தொழில் வண்டிக்கான மஞ்சள் போர்டு) என்றதும் பெர்மிட், ஹெவி லைசென்ஸ் என்று பயப்படுகிறவர்களுக்கு: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ‘குட்டி யானை’, இந்த வரம்புக்குள்தான் வரும். லைசென்ஸும் சாதாரணக் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். 7,500 கிலோ வரையிலான டிரான்ஸ்போர்ட் வண்டிகளை எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. எஃப்.சி. (தகுதிச் சான்று) மட்டும் உண்டு. 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். ஆகவே ஏழரை வயது சரக்கு வண்டி மலிவாக வந்தால், ஏன் இப்போது விற்கிறார் என்று விளங்கும்.

மச்சான் கடைசியில் எடுத்தது டி போர்டு ஈக்கோ கார்கோ. ஏ.சி. கிடையாது. அதைச் சொல்லி இன்னும் புலம்புகிறான்.

◆ கறுப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குக் கொடுக்கும் வண்டி. அப்படிக் கொடுக்கும் தொழிலுக்கு 1989-ல் வகுத்த திட்டத்தில் உரிமம் பெற குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். தெரிந்தவர் தன் வெள்ளை போர்டு காரை ‘மாசம் பதினஞ்சாயிரம் குடுங்க’ என்று உங்கள் கடைக்குத் தருகிறார் என்றால், அது சட்டம் அனுமதித்த வாடகை ஆகாது. செக்கிங்கில் மாட்டினால் அபராதம், மோதினால் இன்சூரன்ஸ் சண்டை.

◆ ‘வட்டி வெறும் 9 பர்சன்ட் சார்.’ ஃபிளாட்டா, குறையும் வட்டியா? இந்த ஒரு கேள்விக்கு 7 சதவீத விலை உண்டு. கணக்குப் பார்ப்போம். 3 லட்சம் கடன், 36 மாதம், 9 சதவீதம் ஃபிளாட். வருடம் 27,000 வீதம் மூன்று வருடத்துக்கு வட்டி 81,000. மாத டியூ 10,583. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் கடைசி மாதம்வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது ஏறக்குறைய 16.2 சதவீதம். இன்னொரு கம்பெனி ‘14 பர்சன்ட், குறையும் வட்டி’ என்றால் அதுதான் மலிவு. 9-ஐக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டாக்குமெண்ட் சார்ஜ், புராசசிங் சார்ஜ் எல்லாம் அதில் வந்து நிற்கும்.

◆ தொழிலுக்கென்று வாங்கும் வண்டிக்கு ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. விற்கிறவர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அவருக்கு அபராதம். ‘கேஷா குடுத்தா பத்தாயிரம் குறைச்சுக்கறேன்’ என்பவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம்.

◆ கார்த் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டும் தொழில் என்றால் 30. அக்டோபர் கடைசியில் வாங்கினால் அந்த வருடம் பாதிதான். 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும்.

◆ கடன் முடிந்துவிட்டது என்று விற்கிறவர் சொன்னால் மட்டும் போதாது. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் இருக்கலாம். கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து அந்தக் கடன் பதிவை (எச்.பி.) கேன்சல் செய்த பிறகே அது நீங்கும். அந்தத் தாள்கள் கைக்கு வருமுன் முழுப் பணம் தர வேண்டாம்.

◆ புதுச்சேரி வண்டி, டெல்லி வண்டி எல்லாம் விலை குறைவாக வரும். 10 வயது கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் தடை போட்டதிலிருந்து அங்கிருந்து தெற்கே வருவதும் கூடியது. வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் இங்கே பதிய வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அதற்குப் படிவம் 28, அதாவது பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. அவசியம். மிச்சம் என்று நினைத்த தொகை அந்த வரியிலேயே போய்விடும்.

◆ விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. அது மனிதருக்கு உரியது. அவருடைய 50 சதவீதத் தள்ளுபடியை அவர் அடுத்த வண்டிக்கு எடுத்துப் போய்விடுவார். உங்கள் பிரீமியம் கூடும். ‘பழைய இன்சூரன்ஸே ஓடுதே’ என்று சும்மா இருந்தால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும்தான் வண்டியோடு தானாக வரும். உங்கள் வண்டிக்கான பாதுகாப்பு வேண்டுமென்றால் 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றுங்கள்.

◆ 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டியை அவர் கையில் ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால், அடுத்து விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத ஸ்டாண்டில் பழைய வழக்கம்தான்: கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30.

◆ அந்த வெற்றுப் படிவம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கே சாட்சி. 2007-ல் விற்ற வண்டி பெயர் மாற்றாமலே பல கை மாறி, 2009-ல் விபத்தில் ஒரு சிறுவன் உயிர் போனது. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆள்தான் என்று தீர்ப்பானது. வண்டியை அவர் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

புது வண்டி எடுப்பதற்காகப் பழையதை யாருக்காவது தள்ளிவிட்டீர்களா? இன்று இரவே பரிவாகன் தளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், திங்கட்கிழமை காலை முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீஸ்.