வாய்க்குச் சம்பளம்

தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் எக்குத்தப்பாக ஏதோ சொல்லிவிட்டால் ஊர் இரண்டு கட்சியாகிவிடும். கருத்துச் சுதந்திரம் என்று ஒரு பக்கம், வாய்க்கொழுப்பு என்று மறுபக்கம். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்குள் அந்த நேரத்தில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள பிரிட்டன் நல்ல இடம். டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கும் பிபிசி, விளம்பரத்தில் பிழைக்கும் ஐடிவி, சந்தாவில் ஓடும் அமேசான் என்று மூன்று வகை முதலாளிகளும் அங்கே இருக்கிறார்கள். தொகுப்பாளர் ஜெரிமி கிளார்க்சன் மூன்று பேரிடமும் வேலை பார்த்தவர். மூன்று பேருக்கும் தலைவலி கொடுத்தவர்.

பிபிசியின் ‘டாப் கியர்’ பெயருக்குத்தான் கார் நிகழ்ச்சி. 2002இல் புது வடிவில் வந்த பிறகு, கார் ஓட்டவே தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேம்ஸ் மே ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வதும், அகப்பட்ட நாட்டையெல்லாம் கிண்டலடிப்பதும்தான் சரக்கு. உலகம் முழுக்க 35 கோடிப் பேர் பார்ப்பதாக பிபிசி சொல்லிக்கொண்டது. அதன் வணிகப் பிரிவுக்கு இந்த ஒரு நிகழ்ச்சியால் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு வருமானம். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் வணிக உரிமைகளைப் பார்த்துக்கொள்ள ‘பெடர் 6’ என்றொரு கம்பெனி இருந்தது. அதில் பிபிசியோடு கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் பங்குதாரர்கள். அவர்களுடைய பங்குகளை 2012இல்தான் பிபிசி வாங்கிக்கொண்டது. அதுவரை, கண்டிக்க வேண்டிய முதலாளியே கண்டிக்கப்பட வேண்டியவரின் கூட்டாளி.

2011ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் மெக்சிகோக்காரர்களை மூவரும் சோம்பேறிகள் என்று கேலி செய்தார்கள். அந்நாட்டுத் தூதர் கொதித்தார், பிபிசி வருத்தம் தெரிவித்தது. நவம்பர் கடைசியில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம். ‘தி ஒன் ஷோ’வில் கிளார்க்சன் முதலில் அதைப் புகழ்ந்தார். பிறகு, இது பிபிசி, சமநிலை வேண்டும் என்று சொல்லி, அவர்களையெல்லாம் குடும்பத்தார் கண்முன்னே நிறுத்திச் சுட வேண்டும் என்றார். பிபிசியின் நடுநிலையைக் கிண்டல் செய்த நகைச்சுவை அது என்பது முழுதாகப் பார்த்தால் விளங்கும். துண்டாக வெட்டிப் பார்த்தவர்களுக்கு எப்படி விளங்கும்? 31 ஆயிரத்துக்கு மேல் புகார்கள் வந்து குவிந்தன. கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்தியா சிறப்பு நிகழ்ச்சி வந்தது. ஜாகுவார் காரின் பின்புறத்தில் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பொருத்திக்கொண்டு, இந்தியா வருகிறவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வரும் என்று ஜோக் அடித்தார் கிளார்க்சன். ரயிலில் ஒட்டிய பதாகை, பெட்டிகள் பிரிந்ததும் ஆபாசச் சொல்லாக மாறும்படி ஓர் ஏற்பாடு வேறு. லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் புகார் கடிதம் எழுதியது.

ஒவ்வொரு முறையும் சடங்கு ஒன்றுதான்: புகார், விளக்கம், வேண்டியிருந்தால் மன்னிப்பு, அடுத்த சீசன். 2014இல் மட்டும் கொஞ்சம் இறுகியது. பர்மா சிறப்பு நிகழ்ச்சியில் ஆசியர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றை வைத்துச் சிலேடை பேசியது விதிமீறல் என்று ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னது. இன்னொரு முறை இப்படிப் பேசினால் வேலை போய்விடும் என்று பிபிசி எச்சரித்திருப்பதாக கிளார்க்சனே பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு அர்ஜென்டினாவுக்குப் போனபோது அவர் ஓட்டிய காரின் எண் எச்982 எஃப்கேஎல். 1982 ஃபாக்லாந்து போரைக் குத்திக்காட்டுகிறார்கள் என்று அங்கே கூட்டம் கல்லெறிய, குழு கார்களைப் போட்டுவிட்டு சிலிக்கு ஓடியது. தற்செயல் என்றது பிபிசி. வேலை அப்போதும் போகவில்லை.

போனது சோற்றுச் சண்டையில். 2015 மார்ச் 4ஆம் தேதி, வடக்கு யார்க்‌ஷரில் ஒரு ஹோட்டல். படப்பிடிப்பு முடித்து இரவில் தாமதமாக வந்த கிளார்க்சனுக்குச் சூடான சாப்பாடு இல்லை, ஆறிப்போன இறைச்சித் தட்டுத்தான் கிடைத்தது. அதற்காக அவர் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டினார், பிறகு கையை ஓங்கினார். அடித்தது சுமார் 30 விநாடி, திட்டியது அதைவிட நெடுநேரம் என்று பிபிசியின் உள்விசாரணை அறிக்கை குறித்தது. உதட்டில் ரத்தத்தோடு அந்தத் தயாரிப்பாளர் தானே கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். புகார் கொடுத்தவர் அவரல்ல. நடந்ததை மேலிடத்துக்குச் சொன்னவர் கிளார்க்சன்தான்.

பிபிசி அவரை இடைநீக்கம் செய்த செய்தி வந்ததும், கிளார்க்சனைத் திரும்ப எடு என்று இணையத்தில் ஒரு மனு. அதில் பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதை லண்டன் பிபிசி தலைமையகத்துக்கு ராணுவ டாங்கி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். அடி வாங்கியவருக்கோ சமூக ஊடகத்தில் வசவு மழை. மார்ச் 25ஆம் தேதி பிபிசி தலைமை இயக்குநர் டோனி ஹால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார்.

ஐந்து கோடி பவுண்டை எப்படி விட மனம் வந்தது? பேச்சுக்கு நியாயம் சொல்லலாம்; நகைச்சுவை, நிகழ்ச்சியின் பாணி என்று ஏதாவது. ஊழியரை அடித்ததற்கு அப்படி எதுவும் இல்லை. தவிர, அந்த ஆண்டு ஒவ்வொரு வீடும் கட்டிய 145.50 பவுண்டில்தான் பிபிசி நடந்தது. கட்டமாட்டேன் என்று டிவி பார்ப்பவர் சொல்ல முடியாது. இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். 2012இல் ஜிம்மி சாவில் விவகாரம் வெடித்திருந்தது. பிபிசியின் பெரிய நட்சத்திரம் பல பத்தாண்டுகள் சிறார்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. நட்சத்திரம் என்றால் நிர்வாகம் கண்ணை மூடிக்கொள்ளும் என்ற கறை படிந்தது, ஒரு தலைமை இயக்குநரின் பதவியே போனது. அந்த நாற்காலியில்தான் ஹால் வந்து உட்கார்ந்திருந்தார். கிளார்க்சன் போன பிறகு ‘டாப் கியர்’ பழைய தெம்புக்கு வரவேயில்லை. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் அதன் படப்பிடிப்பில் 2022 டிசம்பரில் விபத்தில் படுகாயமடைந்தார். அத்தோடு நிகழ்ச்சி நின்றுபோனது.

2015இல் கிளார்க்சனின் வேலை போன நான்கே மாதத்தில் பழைய மூவரையும் அமேசான் தூக்கிக்கொண்டது. அமேசானுக்கு லைசென்ஸ் கட்டணமும் இல்லை, நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்லும் வேலையும் இல்லை. பிடிக்காதவர் சந்தாவை நிறுத்திக்கொள்ளலாம். சந்தா நிறுவனத்துக்கு வேண்டியது ஊரே பார்ப்பது அல்ல, இவருக்காகவே பணம் கட்டும் கூட்டம். டாங்கி பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அந்தக் கூட்டம் இருக்கிறது என்பதை இலவசமாகவே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது முதலாளியான ஐடிவிக்கு 2018இலிருந்து கோடீஸ்வரர் வினாடி வினாவை கிளார்க்சன் நடத்திவந்தார். 2022 டிசம்பரில் ‘தி சன்’ நாளிதழில் இளவரசர் ஹாரியின் மனைவி மேகனைப் பற்றி அருவருப்பான ஒரு பத்தி எழுதினார். பத்திரிகை நெறிமுறை அமைப்புக்கு 25 ஆயிரத்துக்கு மேல் புகார்கள். அவருடைய மகளே கண்டித்தார். பத்திரிகை கட்டுரையை நீக்கி மன்னிப்புக் கேட்டது. பாலினப் பாகுபாடு என்று அமைப்பு தீர்ப்பும் சொன்னது. எழுதியது பத்திரிகையில், எங்கள் திரையில் இல்லை என்ற இடைவெளியில் ஐடிவி நழுவியது. வினாடி வினா தொடர்ந்தது. அமேசான் கைகழுவப் போகிறது என்று செய்திகள் வந்தன. அங்கே வந்த அவருடைய பண்ணை நிகழ்ச்சியோ அடுத்தடுத்த சீசன்களோடு ஓடியது.

அதே ஐடிவி, அதே மேகன், வேறு முடிவு: காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பியர்ஸ் மோர்கன். 2021 மார்ச்சில், மேகன் ஓப்ரா பேட்டியில் தற்கொலை எண்ணம் பற்றிச் சொன்னதைத் தான் நம்பவில்லை என்று காலை நேரலையில் சொன்னார். 57 ஆயிரத்துக்கு மேல் புகார்கள் ஆஃப்காமுக்குப் போயின. மறுநாளே அவர் வெளியேறினார். அந்தச் சேனல் அப்போது மனநலத்துக்காகத் தானே பிரச்சாரம் நடத்திக்கொண்டிருந்தது; நட்சத்திரத்தின் வாய் அதன் சொந்த விளம்பரத்தையே பொய்யாக்கியது. வேடிக்கை என்னவென்றால், மோர்கன் சொன்னது விதிமீறல் இல்லை என்று ஆஃப்காம் செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒழுங்குமுறை அமைப்பின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூடவே வேலை செய்கிறவர்கள் கணக்கைப் புரட்டிய கதையும் உண்டு. கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கர், ஆண்டுக்கு 13.5 லட்சம் பவுண்டு வாங்கிய பிபிசியின் முதல்நிலை நட்சத்திரம். 2023 மார்ச்சில், அகதிகள் பற்றி அரசு பேசும் மொழி 1930களின் ஜெர்மனியை நினைவூட்டுவதாக ட்விட்டரில் எழுதினார். பிபிசி அவரை ஒதுங்கியிருக்கச் சொன்னது. உடனே இயன் ரைட்டும் ஆலன் ஷியரரும் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள், வர்ணனையாளர்களும் விலகினார்கள். அந்தச் சனிக்கிழமை ‘மேட்ச் ஆஃப் தி டே’ வழக்கமான இசையில்லாமல், தொகுப்பாளர் இல்லாமல், வர்ணனையே இல்லாமல் வெறும் 20 நிமிடம் ஓடியது. பந்து உதைபடும் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும்தான். பார்த்தவர்கள் எண்ணிக்கை, கேலிக்கென்றே சேர்ந்ததோ என்னவோ, முந்தைய வாரத்தைவிட ஏறியிருந்தது. திங்கட்கிழமை லினேக்கர் மீண்டும் உள்ளே.

பிறகு பிபிசி விதியைத் திருத்தி எழுதியது. செய்தித் துறைக்கு வெளியே உள்ள பெரிய நிகழ்ச்சிகளின் முகங்கள் கருத்துச் சொல்லலாம், கட்சிகளை ஆதரிக்கவோ தாக்கவோ கூடாது என்று வரம்பு கட்டியது. 2025 மே மாதம், சியோனிசம் பற்றிய பதிவொன்றை எலிப் படத்தோடு லினேக்கர் பகிர்ந்தார். யூதர்களை எலியாகச் சித்தரிப்பது பழைய இனவெறிக் குறியீடு. தெரியாமல் நடந்தது என்று நீக்கி, மன்னிப்புக் கேட்டார். இம்முறை யாரும் வெளிநடப்புச் செய்ய முன்வரவில்லை. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் என்று இருந்த ஏற்பாடு ரத்தானது, அந்த மாதமே கடைசி நிகழ்ச்சி.

வேலை போனதில் அவருக்குப் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. கோல்ஹேங்கர் என்ற பாட்காஸ்ட் கம்பெனியின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். பிரிட்டனில் அதிகம் கேட்கப்படும் பல பாட்காஸ்ட்கள் அங்கே தயாராகின்றன. ஆஃப்காமின் ஒளிபரப்பு விதிகள் பாட்காஸ்டைக் கட்டுப்படுத்துவதில்லை. இனி லினேக்கர் ஏதாவது சொல்லி, ஸ்பான்சர் கோபமாக போன் செய்தால், மறுமுனையில் எடுப்பது அவருடைய சொந்தக் கம்பெனி.