அங்காதிபாதம் முதல் கல உயிரியல் வரை: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

தமிழில் விஞ்ஞானத்தைப் பயிற்றுதல் கூடுமா என்னும் வினா இன்றும் சில வட்டாரங்களிலே எழுப்பப்படுகின்றது. மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரையில், அவ்வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே நடைமுறையில் விடை அளிக்கப்பட்டுவிட்டது. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா வேறொன்றாகும்: கைகூடிய முயற்சி ஏன் தொடரவில்லை? உடற்கூற்றியல், கல உயிரியல் ஆகிய துறைகளின் பட்டப்பின் படிப்பை எடுத்துக்கொண்டு, வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று இதனை ஈண்டு நோக்குவோம்.

1

அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. தாயகம் சென்று 1862இல் மீண்டதன் பின்னர் அவர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றுவிடுவர். தமிழிற் கற்றவரே கிராம மக்களிடையே தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் கண்ட உண்மை. மதப் பரப்பலே மிசனின் முதன்மை நோக்கமாயிருந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. எனினும், ஒருவரது நோக்கத்தைக் கடந்த சமூக விளைவுகளை அவரது செயல் தோற்றுவித்தலும் உண்டு.

ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1858இல். கிறீனும் அவர்தம் மாணவரும் உழைத்து, 1872இல் அதனை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழாக்கி வெளியிட்டனர். இரண வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பிற நூல்களும் வெளிவந்தன. கலைச்சொல்லாக்கத்திற் பின்பற்றப்பட்ட முறை தெளிவானது: முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல், கிடையாதவிடத்து வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல். ‘அங்காதிபாதம்’ என்பதே நாட்டு மருத்துவ மரபில் முன்னர் வழங்கிய சொல்லாகும். புதிய அறிவு பழைய சொல்லின் தோளில் ஏறி மக்களிடம் வந்தது எனலாம்.

2

கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்பெற்றது. அதன் மொழி ஆங்கிலம். குடியேற்ற நிருவாகத்திற்கு வேண்டிய உத்தியோகத்தரை உருவாக்கும் நிறுவனம் அது. அரச அங்கீகாரம், ஊதியம், சமூக மதிப்பு ஆகிய மூன்றும் ஆங்கிலப் பட்டத்துடன் பிணைக்கப்பட்டன. தமிழ் மருத்துவ நூல்கள் வழக்கொழிந்தமைக்குக் காரணத்தை மொழியின் வறுமையில் தேடுவது தவறு. உத்தியோக வர்க்கத்தின் எழுச்சியிலே அதனைக் காண வேண்டும். கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவருக்குப் பின் அம்முயற்சியைத் தாங்கிநிற்க ஓர் அரசோ பல்கலைக்கழகமோ இருக்கவில்லை.

3

கிறீனின் காலத்திலேயே உடற்கூற்றியல் மற்றொரு திசையில் ஆழ்ந்து சென்றுகொண்டிருந்தது. ஷிலெய்டன் 1838இல் தாவரங்களிலும், ஷிவான் 1839இல் விலங்குகளிலும் கலமே உடலின் அடிப்படை அலகு என நிறுவினர். நோயும் கலத்திலேயே தோன்றுகின்றது என 1858இல் விளக்கினார் விர்ச்சோ. அவரே 1848இல் மேற் சைலீசியாவின் கொள்ளைநோயை ஆராய்ந்து, வறுமையும் கல்வியின்மையும் சுதந்திரமின்மையும் அந்நோயின் வேர்கள் என அறிக்கையிட்டவர். கலத்தை உற்றுநோக்கிய கண் சமூகத்தையும் உற்றுநோக்கியது.

எங்கெல்ஸ் தமது நூற்றாண்டின் மூன்று மாபெருங் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் கலக் கோட்பாட்டைக் கணித்தார். மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதன’த்தின் முன்னுரையில், பண்டத்தை முதலாளிய சமுதாயத்தின் கலவடிவம் என்றார், முழு உடலைக் கற்பதிலும் அதன் கலத்தைக் கற்பது கடினம் என்பதையும் சுட்டினார். நுணுக்குக்காட்டி செய்யும் பணியைச் சமூக ஆய்விற் கருத்தியற் பகுப்பே செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து.

4

இலங்கைப் பாடசாலைகளில் உயர்தரம் வரை உயிரியல் தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. கலம், இழையம், இழைமணி, நிறமூர்த்தம், ஒடுக்கற்பிரிவு என்பன நம் மாணவரின் அன்றாடச் சொற்கள். ‘திசு’ என்று தமிழகம் வழங்குவதை ‘இழையம்’ என நாம் வழங்குகின்றோம். இழைகளாலானது என்னும் பொருளை அச்சொல் தானே உணர்த்துகின்றது. முல்லைத்தீவு மாணவி ஒருத்தி இச்சொற்களைக்கொண்டு பரீட்சையிற் சித்தியடைந்து மருத்துவ பீடம் புகும் நாளிலே அவை அனைத்தும் அவளுக்குப் பயனற்றுப்போகின்றன. 1978இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் போதனாமொழி ஆங்கிலமே. உலக ஆய்வோடு உறவாட ஆங்கிலம் தேவை என்பதில் ஐயமில்லை. தமிழை முற்றாகக் கைவிடுதலும் தேவை என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று.

மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத இடங்களும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவருக்குப் பட்டப்படிப்பின் வாயிலை ஓரளவு திறந்துள்ளன. முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு அத்தகைய ஒதுக்கீடு எதுவுமில்லை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. உயிரியல் சார்ந்த கற்கைகள் அங்கு உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சியில் இயங்குகின்றன. மருத்துவ பீடம் வன்னியில் இல்லை. கல வளர்ப்புக்கு 37 பாகை வெப்பநிலையும், 5 சதவீதக் காபனீரொட்சைட்டும், இடையறாத மின்சாரமும் வேண்டும். கலங்களைப் பேணத் திரவ நைதரசன் வேண்டும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடு நிலவிய மண்ணில் இவை வெறுந் தொழினுட்ப விவரங்களல்ல. வரலாறு விட்டுச்சென்ற ஏற்றத்தாழ்வின் அளவுகோல்களாகும்.

ஆய்வுக்குரிய பொருளோ இங்கேயே உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்திற் கவனத்திற்கு வந்த, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் பீடித்துள்ளது. இரத்தத்தை வடிக்கும் கலன்கோளத்தைவிட, சிறுநீர்தாங்கு சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையுமே அது முதலில் தாக்குகின்றது. பாதிக்கப்படுவோருட் பெரும்பாலோர் வெயிலில் உழைக்கும் நெற்செய்கையாளர். கடின நீரும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்களும், வெப்பமும் நீரிழப்பும் காரணங்களாக விவாதிக்கப்படுகின்றன. சிறுகுழாயின் கலத்தில் ஆராயப்படும் சிதைவுக்குப் பின்னால் குளத்து நீரும், கடன்பட்டு வாங்கிய கிருமிநாசினியும், நண்பகல் உழைப்பும் நிற்கின்றன. 2009இல் முடிந்த போரில் அவயவங்களையும் முள்ளந்தண்டின் வலுவையும் இழந்தோர் பலர் வாழும் நிலமும் இதுவே. நரம்பு இழையம் மீள வளருமா என்னும் வினா அவர்களுக்கு ஏட்டு வினாவன்று.

5

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இது. மருத்துவ அறிவு எவருடைய உடலை ஆராய்கின்றதோ, அவருக்கு அவ்வறிவு விளங்கும் மொழியிற் சென்றடைதல் வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் அமையினும், அதன் தமிழ்ச் சுருக்கமும் கலைச்சொற்பட்டியும் உடன் வெளிவருதல் இயலாத காரியமன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளலாம். வவுனியாவில் ஆய்வுகூட வசதிகளும், உழைக்கும் குடும்பங்களிலிருந்து வரும் ஆய்வு மாணவருக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதிய உதவிப்பணமும் அரசிடம் கோரப்பட வேண்டியவை. கிறீனின் நூல்கள் சொற்கள் இல்லாமையால் வீழவில்லை. அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனம் இல்லாமையால் வீழ்ந்தன. அத்தகைய நிறுவனத்தை ஆக்குதல் மொழிப்பற்றினால் மாத்திரம் முடிவதன்று. அது சமூகப் போராட்டத்தின் ஒரு கூறாகும்.