ஓவியங்கள் ஓய்வெடுக்கும் மாதங்கள்

சென்ற முறை கண்ட ஓவியம் இம்முறை கலைக்கூடத்தில் இல்லையே என ஏமாந்தோர் பலர். நாங்களும் அவர்களுள் அடக்கம். சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தின் பஹாடி சிற்றோவியங்களையே எடுத்துக்கொள்வோம். 1948இல் லாகூர் அருங்காட்சியகச் சேகரிப்பு இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டபோது, இந்தியாவுக்குக் கிடைத்த நாற்பது விழுக்காட்டில் வந்தவை அவற்றுள் பல. பிரிவினையைக் கடந்து வந்த இத்தகைய ஓவியங்களுக்கு எஞ்சியுள்ள பகை, ஒளி.

தாளில் தீட்டிய வண்ணத்தை ஒளி சிறிது சிறிதாக வெளிறச் செய்கிறது. விளக்கை அணைத்தாலும் இழந்த நிறம் மீள்வதில்லை. எடுக்க மட்டுமே இயலும் இருப்பு அது. ஆகவே ஏறத்தாழ 50 லக்ஸ் மங்கலொளியில் சில மாதங்கள் காட்டிவிட்டு, இருளறையில் ஓய்வளிப்பதே கலைக்கூடங்களின் பொதுவான முறை. ஆண்டுக்குள் கண்காட்சிகள் மாறிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பிட்ட ஓவியத்தைக் காண விரும்புவோர், அது இப்போது காட்சியில் உள்ளதா எனத் தொலைபேசியில் கேட்டறிந்து புறப்படுவது நலம்.