முதியோர் பராமரிப்பும் பொதுப்பணமும்: ஜப்பான் நாட்டின் ஏற்பாடு

ஜப்பான் நாட்டில் வாழும் ஒருவர் நாற்பது வயதை எட்டியதும் அவரிடமிருந்து புதிதாக ஒரு சந்தா பிடிக்கப்படுகின்றது. அது ஓய்வூதியத்திற்காக அன்று. மருத்துவச் செலவுக்காகவும் அன்று. முதுமையில் தாமாகக் குளிக்கவும் உடுக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் இயலாத நிலை ஏற்படுமாயின், வீட்டிற்கு ஒருவர் வந்து துணைசெய்ய வேண்டும் என்பதற்காகவே இப்பணம் பெறப்படுகின்றது. 1997இல் நிறைவேறி, 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடு இது.

முதியோரைக் குறித்துப் பேசும்போது நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வழிகளே பேசப்படுகின்றன. பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகள் இல்லாதோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் முதியோர் இல்லம் என்பது மற்றொன்று. முன்னது கடமை, பின்னது தருமம். ஜப்பான் இவ்விரண்டிலும் சேராத வேறொரு வழியை மேற்கொண்டது. பெற்றோரைப் பேணுதலைத் தலையாய அறமாகப் போற்றும் கன்பூசிய மரபில் ஊறிய நாடு அது. அத்தகைய நாடே இவ்வழியைத் தேர்ந்தது ஏன் என்பதை அறிந்துகொள்வது, இறையியல் பயில்வோருக்கும் சபைகளில் முதியோரைச் சந்தித்துவரும் ஆயர்களுக்கும் பயனுள்ளதாகும் என எண்ணுகிறோம்.

மருமகளின் தோளில்

1898ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் வீட்டின் தலைமையையும் சொத்தையும் மூத்த மகனுக்கு அளித்தது. பெற்றோரைக் காக்கும் பொறுப்பும் அவனைச் சார்ந்ததே. ஆனால் முதியவரின் உடலைத் துடைத்ததும், துணியை மாற்றியதும், இரவில் கண்விழித்ததும் அவன் அல்லன், அவன் மனைவி. 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் வழக்கம் நீங்கவில்லை. சொத்தில் பங்கில்லாத மருமகள் பணிவிடையை மட்டும் தொடர்ந்து செய்துவந்தாள்.

1963இல் முதியோர் நலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்கீழ் வீடுகளுக்குப் பணிவிடையாளர்கள் அனுப்பப்பட்டனர். ஆயினும் 1982 வரை அவ்வுதவி வருவாய் குறைந்த வீடுகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. யாருக்கு உதவி என்பதை நகராட்சி அலுவலர் தீர்மானித்தார். குடும்பத்தின் வருவாயும், வீட்டில் பணிவிடை செய்யக்கூடிய பெண் உண்டா என்பதும் ஆராயப்பட்டன. உதவி கேட்பதே தலைகுனிவு என்று பலர் கருதினர். 1973இல் எழுபது வயதைக் கடந்தோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டபோது வேறொரு விளைவு ஏற்பட்டது. முதியோர் இல்லத்தில் சேர்ப்பது இழிவு. மருத்துவமனையில் சேர்ப்பது இழிவன்று. ஆகவே நோயென்று சொல்லத்தக்க நோய் ஏதுமின்றி, வீட்டில் பார்ப்பாரில்லை என்ற ஒரே காரணத்தால், எண்ணற்ற முதியோர் மருத்துவமனைப் படுக்கைகளில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கிடந்தனர். 1983இல் இலவசம் நின்றது. அவ்வழக்கம் நிற்கவில்லை.

இதற்கிடையில், 1972இல் சவாகோ அரியோஷி என்னும் பெண் எழுத்தாளர், மறதிநோயுற்ற மாமனாரைப் பராமரிக்கும் ஒரு மருமகளின் வாழ்வை நாவலாக்கினார். வெளியே வேலைக்கும் சென்றுகொண்டு வீட்டில் இப்பாரத்தையும் சுமந்த பெண்ணின் கதை அது. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற அந்நூல், அதுவரை அடுப்பங்கரையில் முணுமுணுக்கப்பட்ட பேச்சை நாட்டின் பேச்சாக்கிற்று. அரசோ 1978இல் வெளியிட்ட நலத்துறை வெள்ளையறிக்கையில், பெற்றோரோடு பிள்ளைகள் சேர்ந்து வாழும் வழக்கத்தை நாட்டின் கணக்கில் வராத மறைமுகச் சொத்தாக மதிப்பிட்டது. அச்சொத்து எவருடைய உழைப்பு என்பதை அவ்வறிக்கை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1983இல் கெய்கோ ஹிகுச்சி முதலானோர் ஒரு பெண்கள் அமைப்பை நிறுவி இக்கேள்வியையே எழுப்பினர். 1989இல் அரசு பத்தாண்டுத் திட்டமொன்றை அறிவித்து, வீட்டுப் பணிவிடையாளரின் எண்ணிக்கையை 1,00,000 ஆக உயர்த்த முனைந்தது. ஆள் திரட்டாமல் சட்டம் மட்டும் இயற்றியிருப்பின் அது ஏட்டளவில் நின்றிருக்கும்.

ஏற்பாடு இயங்கும் முறை

காப்பீட்டை நடத்துவது மத்திய அரசு அன்று, நகராட்சிகளும் ஊராட்சிகளுமே. செலவில் பயன்பெறுவோர் செலுத்தும் பங்கு போக எஞ்சியதில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகின்றது. வீட்டுச் சேவைகளைப் பொறுத்தவரை, வரிப்பணமாகிய அந்தப் பாதியில் சரிபாதியை மத்திய அரசும், மற்றதை மாகாணமும் நகராட்சியும் சமமாகவும் ஏற்கின்றன. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரின் சந்தா பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படும். நாற்பது முதல் அறுபத்துநான்கு வயதினர் மருத்துவக் காப்பீட்டோடு சேர்த்துச் செலுத்துகின்றனர். ஆனால் முதுமையோடு தொடர்புடைய 16 வகை நோய்களால் தளர்ந்தாலன்றி அவர்கள் பயன்பெற இயலாது.

பராமரிப்புத் தேவைப்படும் முதியவரோ அவர் குடும்பத்தாரோ நகராட்சியில் விண்ணப்பிப்பர். அலுவலர் ஒருவர் வீட்டிற்கு வந்து 74 வினாக்களை ஆராய்வார். படுக்கையில் புரள முடிகின்றதா, எழுந்து நிற்க முடிகின்றதா, உணவை விழுங்க முடிகின்றதா, தம் பெயரைச் சொல்ல முடிகின்றதா, வெளியே சென்று வழிதவறுகின்றாரா என்பன போன்ற வினாக்கள் அவை. மருத்துவரின் கருத்தும் பெறப்பட்டு, வல்லுநர் குழு ஒன்று முப்பது நாட்களுக்குள் முடிவுகூற வேண்டும் என்பது விதி. இலேசான உதவி தேவைப்படுவோருக்கு இரண்டு படிகள், பராமரிப்புத் தேவைப்படுவோருக்கு ஐந்து படிகள், ஆக ஏழு படிகள் உள்ளன. இப்படிகளை வரையறுப்பது தேவையின் அளவேயன்றிப் பணமோ, வீட்டில் மருமகள் இருக்கின்றாளா என்பதோ அன்று. முதற்படிக்கு மாதம் ஏறத்தாழ 50,000 யென் மதிப்புள்ள சேவையும், கடைசிப் படிக்கு ஏறத்தாழ 3,60,000 யென் மதிப்புள்ள சேவையும் உச்ச வரம்பு. பயன்பெறுவோர் இதில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்துவர். வருவாய் மிகுந்தோருக்கு 2015 முதல் இரு பங்கும், 2018 முதல் மூன்று பங்கும் என உயர்த்தப்பட்டது.

அடுத்து வருபவர் கேர் மேனேஜர் எனப்படும் திட்ட அலுவலர். எந்த நாளில் எந்தச் சேவை, எந்த நிறுவனத்திலிருந்து என்பதை முதியவரோடும் குடும்பத்தோடும் கலந்து வாரத்திட்டமாக வகுப்பது அவருடைய பணி. இவ்வாலோசனைக்குக் கட்டணம் இல்லை. காலையில் பணிவிடையாளர் வந்து துணிமாற்றி உணவூட்டிச் செல்வார். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் சிற்றுந்து வந்து பகல் பராமரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, உணவளித்து, மாலையில் வீடு சேர்க்கும். செவிலியரின் வருகை, சக்கர நாற்காலி, உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், குளியலறையில் கைப்பிடி அமைத்தல், குடும்பத்தார் சில நாள் ஓய்வுபெறும் பொருட்டு முதியவரை இல்லமொன்றில் தங்கவைத்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இவற்றுள் நம் மனத்தைப் பெரிதும் கவர்வது ஊர்திக் குளியலே. படுக்கையை விட்டு எழ இயலாதவரின் வீட்டிற்கு, செவிலியர் ஒருவரும் பணிவிடையாளர் இருவரும் ஓர் ஊர்தியில் குளியல் தொட்டியையே சுமந்துகொண்டு வருகின்றனர். தொட்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொணர்ந்து, கட்டிலருகே பொருத்தி, வெந்நீர் நிரப்பி, இரத்த அழுத்தத்தைச் சோதித்தபின் முதியவரை அதில் கிடத்திக் குளிப்பாட்டுகின்றனர். கழுத்துவரை வெந்நீரில் ஆழ்ந்திருப்பது ஜப்பானியருக்கு வாழ்வின் இன்பங்களுள் ஒன்று. துடைத்து விட்டாலே உடல் தூய்மையாகும். சட்டம் அதனோடு நிறைவடையவில்லை.

இதே சட்டம் சில இடங்களில் கண்டிப்பானது. பணிவிடையாளர் முதியவருக்குச் சமைக்கலாம். அவர் மகனுக்குச் சமைக்கலாகாது. முதியவரின் துணியைத் துவைக்கலாம். பேரனின் துணியைத் துவைக்கலாகாது. தோட்டத்தில் களை பறிப்பதும், நாயை நடத்திச் செல்வதும் விலக்கப்பட்டவை. (நாய்க்கும் முதியவருக்குமுள்ள உறவைச் சட்டம் எழுதியோர் அறியார் போலும்!)

பணமாகத் தரலாகாதா?

சட்டம் உருவானபோது எழுந்த பெருவிவாதம் இது. 1995இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி, சேவையையோ அதற்கு மாற்றாகக் குறைந்த தொகையைப் பணமாகவோ பெற்றுக்கொள்ளலாம் என்றது. பெரும்பாலோர் பணத்தையே நாடினர். ஜப்பானிலும் அவ்வாறே செய்யலாம் என்றனர் பலர். பெண்கள் அமைப்பினர் இதனை வன்மையாக எதிர்த்தனர். பணம் குடும்பத்தின் கைக்கு வரும். வேலையோ மருமகளிடமே நிற்கும். கூலி வாங்கியபின் அவள் மறுக்கவும் இயலாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதமே வென்றது. சட்டம் பணம் தருவதில்லை, ஆளை அனுப்புகின்றது. நடைமுறைக்கு வரும் தறுவாயில், 1999இல், ஆளுங்கட்சியின் கொள்கைத் தலைவராயிருந்த ஷிசுகா கமெய், பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் நல்வழக்கத்தை இது குலைக்கும் என்று எதிர்த்தார். முதியோரிடமிருந்து முதல் ஆறு மாதங்கள் சந்தா வாங்காமலும், அடுத்த ஓராண்டு பாதி மட்டுமே வாங்கியும் அரசு சமாதானம் செய்துகொண்டது.

கமெய் எழுப்பிய அதே மறுப்பு திருமறையின் பேரால் நம்மிடமும் எழக்கூடும். 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம், உற்றார் உள்ள விதவைகளை உற்றாரே தாங்கவேண்டும், சபையின்மேல் பாரம் சுமத்தலாகாது என்று போதிக்கின்றதன்றோ? உண்மையே. ஆனால் அவ்வதிகாரத்தின் 16ஆம் வசனத்தை நாம் நின்று நோக்கவேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு, விசுவாசியான ஆணையும் பெண்ணையும் சேர்த்துச் சுட்டுகின்றது. மிகப் பழைய கையெழுத்துப் படிகளிலோ ஆண் இல்லை. விதவைகளைத் தாங்கும்படி சொல்லப்படுவது விசுவாசியான பெண்ணுக்கு மட்டுமே. எபேசு சபையிலும் பாரம் யார் தோளில் கிடந்தது என்பதற்கு இப்பாடம் சான்று எனலாம். மேலும், அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரத்தில் பந்தியில் விதவைகள் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்தபோது, திருத்தூதர் அன்பைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்து முடிக்கவில்லை; எழுவரைத் தெரிந்தெடுத்துப் பணியை ஒழுங்குபடுத்தினர். பெற்றோரைக் கனம்பண்ணுவது ஒன்று. அதற்கான உடலுழைப்பு முழுவதையும் குடும்பத்திலுள்ள ஒருத்தியே செய்வது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமாறு கட்டளை நம்மைப் பணிக்கவில்லை என்பதே நம் துணிபு.

விளைவை எண்கள் ஒருவாறு காட்டுகின்றன. 2001ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில், முதன்மையாகப் பராமரிப்போருள் 22.5 விழுக்காட்டினர் முதியவரோடு சேர்ந்து வாழும் பிள்ளைகளின் துணைவர்; அவருள் மிகப் பலர் மருமக்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் அது 5.4 விழுக்காடு. சேர்ந்து வாழும் வழக்கமே குன்றியதும் இதற்கு ஒரு காரணம். எல்லாப் புகழையும் சட்டத்திற்கு அளித்தல் ஆகாது. பாரம் வேறு தோள்களுக்கு மாறியதும் உண்டு. 2022இல், ஒரே வீட்டில் பராமரிக்கப்படும் முதியோருள் 63.5 விழுக்காட்டினரைப் பராமரித்தவர் தாமும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவரே. பெற்றோரைப் பார்க்கும் பொருட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் வேலையை விடுகின்றனர்.

செலவும் வளர்ந்தது. மக்கள் தொகையில் முதியோர் 2024இல் 29 விழுக்காடு. பராமரிப்புக்குத் தகுதி பெற்றோர் ஏறத்தாழ 70 இலட்சம். முதியோரின் மாதச் சந்தா தொடக்கத்தில் சராசரி 2,911 யென். 2024 முதல் 2026 வரைக்கு 6,225 யென். இதனால் அரசு சிறிது சிறிதாகக் கதவை ஒடுக்கியது. 2015 முதல், பொது முதியோர் இல்லங்களில் மூன்றாம் பராமரிப்புப் படிக்குக் கீழுள்ளோர் சேர்வது அரிதாயிற்று; இலேசான படிகளிலிருப்போரின் வீட்டுதவியும் பகல் பராமரிப்பும் நாடு முழுமைக்கும் பொதுவான பயன்களிலிருந்து நீக்கப்பட்டு நகராட்சிகளின் சொந்தத் திட்டங்களுக்கு மாற்றப்பட்டன.

ஆயினும் இவ்வேற்பாட்டின் பெருங்குறை பணமன்று, ஆட்களே. 2023இல் வீட்டுப் பணிவிடை வேலை நாடும் ஒருவருக்குப் பதினான்கு காலியிடங்கள் என்ற அளவில் பற்றாக்குறை இருந்தது. பணிவிடையாளருள் பெரும்பாலோர் பெண்கள். பலர் தாமே முதுமையை நெருங்கியவர்கள். வீட்டுக்கு வீடு செல்லும் நேரத்திற்கும், முதியவர் திடீரென மருத்துவமனை சென்றதால் இரத்தான வேளைக்கும் உரிய கூலி கிட்டாமை ஏற்பாட்டின் அமைப்பினாலேயே நேர்வது என்று மூன்று பணிவிடையாளர்கள் 2019இல் அரசின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2022இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், 2024இல் உயர் நீதிமன்றமும் அதைத் தள்ளின. அதே 2024 ஏப்ரலில் வீட்டுப் பணிவிடைக்கான அடிப்படைக் கட்டணம் குறைக்கப்பட்டது. மருமகளை ஊதியமின்றி உழைக்க வைத்தது தவறென்று கண்ட நாடு, அவள் இடத்தில் வந்தவளுக்குப் போதிய ஊதியம் தர இன்னும் தயங்குகின்றது என்றே சொல்லவேண்டும்.

அயல்நாட்டுப் பணியாளர் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், பின்னர் பிலிப்பைன்சு, வியட்நாம் நாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருப்பினும், அவர்களுள் பெரும்பாலோர் இல்லங்களில் மட்டுமே பணிபுரிய முடிந்தது. தொழில்திறன் விசாவில் வந்தோர் வீடுகளுக்குச் செல்ல 2025 ஏப்ரலில்தான் இசைவு கிடைத்தது. முன்அனுபவம் வேண்டும் என்பதோடு, தொடக்கத்தில் நிறுவனத்தார் ஒருவர் உடன்செல்ல வேண்டும் என்றும் விதித்துள்ளனர். இல்லத்தில் ஐயம் தோன்றினால் அடுத்த அறையில் ஒருவரைக் கேட்கலாம்; வீட்டில் முதியவரும் அப்பெண்ணும் தவிர வேறெவரும் இருப்பதில்லை.