படிக்க ஆள் இருந்தா பசங்க எழுதுவாங்க! - வகுப்பறை வலைப்பூ வேலை செய்வது எப்படி?

2012-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 9 வயது மாணவி ஒருவர், எழுதிப் பழகுவதற்காக ‘நெவர்செகண்ட்ஸ்’ என்ற வலைப்பூவைத் தொடங்கினார். தினமும் பள்ளியில் தரும் மதிய உணவை போட்டோ எடுத்துப் போடுவார். ருசிக்கு 10-க்கு எத்தனை மார்க், மொத்தம் எத்தனை வாய், சாப்பாட்டில் முடி கிடந்ததா என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

வாசகர்கள் குவிந்தார்கள். ஜூன் மாதம் உள்ளாட்சி நிர்வாகம் ‘இனி போட்டோ எடுக்கக் கூடாது’ என்று தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பவே, மறுநாளே தடை வாபஸ்! ஏழை நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ‘மேரிஸ் மீல்ஸ்’ அமைப்புக்கு அந்த வலைப்பூ வழியாக 1 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

இதுல பாடம் என்ன?

கட்டுரை நோட்டைப் படிப்பது ஒரே ஒருவர், ஆசிரியர். சிவப்பு மை, மார்க், அதோடு சரி. வெளியே ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்தால், எழுத்துப் பிழையைக்கூட பிள்ளைகளே தேடித் திருத்துவார்கள்.

எல்லாருக்கும் வாசகர் கிடைப்பாங்களா?

தானாகக் கிடைக்க மாட்டார்கள். பல வகுப்பறை வலைப்பூக்கள் தூங்கிப்போக இதுதான் காரணம். இதற்கு இங்கிலாந்தின் போல்டன் நகர ஆசிரியர் டேவிட் மிட்செல் 2011-ல் ஒரு வழி சொன்னார். பெயர் ‘குவாட்பிளாகிங்’. 4 பள்ளிகள் ஒரு குழு. வாரத்துக்கு ஒரு பள்ளியின் முறை. அந்த வாரம் மற்ற 3 பள்ளிப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்து, கமென்ட் போட வேண்டும். 4 வாரத்தில் ஒரு சுற்று முடியும். செலவு? கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் எங்கே கத்துக்கறாங்க?

லண்டனில் 1985 முதல் நடக்கும் ‘பெட்’ போன்ற பெரிய கண்காட்சிகளில் ஸ்மார்ட் போர்டும் சாஃப்ட்வேரும் விற்கும் ஸ்டால்கள்தான் அதிகம். இதற்கு மாற்றாக வந்தது ‘டீச்மீட்’. 2006-ல் எடின்பரோவில், வலைப்பூ எழுதும் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசியதில் பிறந்தது. பேச 7 நிமிடம், இல்லையென்றால் 2 நிமிடம். சொந்த வகுப்பில் செய்து பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். பொருள் விற்கும் பேச்சுக்கு இடமில்லை.

ரிஸ்க் இல்லையா?

இருக்கிறது. வாசகர் வரும் அதே வழியில் விஷமிகளும் வரலாம். அதனால் முழுப்பெயர், முகம் தெரியும் போட்டோ, வீட்டு முகவரி கூடவே கூடாது. கமென்ட்டுகளை ஆசிரியர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

ஆக, வலைப்பூ தொடங்க 10 நிமிடம் போதும். அதைப் படிக்க இன்னும் 3 வகுப்புகளைப் பிடிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.